அண்ணன் கையெழுத்துப் போட்ட ஸ்கேன் ஃபாரம்

1

இன்று காலை பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது என் ஊர் மாரண்டஹள்ளியிலிருந்து ஒரு போட்டோ வந்தது. அனுப்பியவர் என் அண்ணன் மாதையன், தக்காளி விவசாயி. தினமும் விடிந்ததும் சாமி படத்தோடு ஒரு ரோஜாப்பூவையும் ஒட்டி 'இனிய காலை வணக்கம்' அனுப்புவது அவர் வழக்கம். அதைத் திறக்காமலேயே அழிப்பது என் வழக்கம். இன்றைக்குச் சாமியும் இல்லை, ரோஜாவும் இல்லை. லேமினேஷன் போட்ட ஒரு படிவம் இருந்தது. அதன் குறுக்கே பேனாவால் பெரிய கோடு போட்டு அடித்திருந்தார்கள். கீழே இரண்டு கையெழுத்து, இரண்டு தேதி.

ஸ்கேன் எடுக்க வரும் கர்ப்பிணிகளிடம் நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் எழுதி வாங்குகிற உறுதிமொழி அது. வயிற்றில் இருக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை என்று அதில் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் கையெழுத்தைப் போட்டிருப்பவர் என் அண்ணன். வயது நாற்பத்தாறு, மீசை உண்டு, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா.

கூடவே ஒரு குரல் பதிவு. "பாப்பா, இன்னியோட ஒரு வருசம் ஆச்சு. லேமினேசன் போட்டுட்டேன். இனிமே மழைல நனைஞ்சாலும் ஒன்னும் ஆவாது. வூட்டுல காலண்டர் பக்கத்துல மாட்டிட்டேன்."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இந்த வெளிநாட்டு ஊரில் பஸ் நிறுத்தத்தில் தனியாகச் சிரிப்பவர்களிடம் உடனே வானிலையைப் பற்றிப் பேசி நிலைமையைச் சரிசெய்வார்கள். பக்கத்தில் நின்ற பெரியவர் மழை வரும்போல் இருக்கிறது என்றார். ஆமாம், வரட்டும் என்றேன். அந்த இரண்டாவது கையெழுத்தை மறுபடியும் பெரிதாக்கிப் பார்த்தேன். அது யாருடையது என்று கடைசியில் சொல்கிறேன், முதலில் அண்ணனின் கழுத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

2

நான் வேல்ஸில் ஒரு துறைமுக ஊரில் நர்ஸ். வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. தருமபுரியில் நர்சிங் படித்துவிட்டு, ஆங்கிலப் பரீட்சையை மூன்று தடவை எழுதினேன். மூன்றாவது தடவை, நகரத்தில் வாகன நெரிசலைக் குறைப்பது எப்படி என்று கட்டுரை கேட்டார்கள். மாரண்டஹள்ளியில் தக்காளி லாரி ரோட்டுக்குக் குறுக்கே நின்றுவிட்டால் நாங்கள் என்ன செய்வோமோ அதை அப்படியே எழுதி வைத்தேன். தேறிவிட்டேன்.

இங்கே என் வேலை, நோயாளிகளின் கழுத்தில் ஊசியால் குத்துவது. அம்மா ஊரில் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள். புத்தகத்தில் இதற்கு மத்திய சிரை வடிகுழாய் என்று பெயர். நாங்கள் 'லைன்' என்போம். கையில் ஏற்ற முடியாத வீரியமான மருந்துகளுக்கும், டயாலிசிஸுக்கும், இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய ரத்தக்குழாய் வரைக்கும் ஒரு மெல்லிய குழாயைக் கொண்டுபோக வேண்டும். அதற்குக் கழுத்துதான் நல்ல வாசல்.

கழுத்தில் இரண்டு குழாய்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள்போல ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. ஒன்று சிரை, அதாவது வெயின், நமக்கு வேண்டியது. மற்றது தமனி, அதாவது ஆர்ட்டரி, தொடவே கூடாதது. அந்தக் காலத்தில் எலும்பையும் தசையையும் விரலால் தடவி, கணக்குப் போட்டுக் குத்துவார்கள். அப்படிக் குத்துவதில் கை தேர்ந்த டாக்டர்கள் ஆயிரம் பேர் உண்டு. ஆனால் எல்லோருடைய கழுத்தும் புத்தகத்தைப் படித்துவிட்டு வளர்வதில்லை. சிலருக்குச் சிரை நூலாக இருக்கும், சிலருக்குத் தமனிக்கு நேர் மேலே ஏறி உட்கார்ந்திருக்கும்.

அதனால் இப்போது அல்ட்ராசவுண்ட். கழுத்தின் மேல் புரோப் என்கிற சின்னக் கருவியை வைத்தால் திரையில் இரண்டு கறுப்பு வட்டங்கள் தெரியும். மெதுவாக அமுக்கிப் பார்ப்போம். அமுக்கினால் அமுங்கிப் போவது சிரை. அமுங்காமல் துடித்துக்கொண்டே இருப்பது தமனி. ஊசியின் நுனி வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்காமல் உள்ளே போக வேண்டும். என் வேலையை ஒரே வரியில் கேட்டால், பார்க்காமல் குத்தாதே, அவ்வளவுதான்.

குத்துவதற்கு முன் இங்கே நோயாளியிடம் ஆங்கிலத்தில் ஒரு வாசகம் சொல்லுவோம். வந்த புதிதில் பதற்றத்தில் எனக்கு அது வராது. "சுருக்குனு இருக்கும், பொறுத்துக்குங்க" என்று தமிழில் வந்துவிடும். ஒரு வேல்ஸ்காரத் தாத்தா அதற்குத் தன் வெல்ஷ் மொழியில் ஏதோ பதில் சொன்னார். இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை, லைன் மட்டும் நன்றாகப் போனது.

3

இந்த வேலைக்குப் பயிற்சி எடுத்தபோது நான் அடித்த கூத்து ஒன்று உண்டு. இங்கே எதற்கும் ஒரு கையேடு தருவார்கள். அதில் முப்பது கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பெரியவர்கள் யாராவது கையெழுத்துப் போட்டால்தான் நீங்கள் அந்தக் காரியத்தைச் செய்யத் தெரிந்தவர். பெட்டியைக் குனிந்து தூக்குவது எப்படி என்பதற்குக்கூட ஒரு கட்டம் இருந்தது. பதினெட்டு வயது வரைக்கும் தக்காளிப் பெட்டி தூக்கியவளுக்கு அதில் கையெழுத்து வாங்க இரண்டு மாதம் ஆனது.

ஊசி பழகுவதற்கு, சதைபோலக் கெட்டியாக ஏதாவது வீட்டில் செய்து, நடுவில் நீளமான பலூனில் தண்ணீர் நிரப்பிப் புதைத்துக் கொண்டு வரச் சொன்னார் பயிற்சி தந்த அம்மையார். கூடப் படித்தவர்கள் ஜெல்லியும் கோழி நெஞ்சுக்கறியும் கொண்டுவந்தார்கள். தருமபுரி மாவட்டத்தில் பிறந்தவளிடம் கெட்டியாக ஒன்று செய்யச் சொன்னால் என்ன செய்வாள்? ராகிக் களி கிண்டினேன். பதமாக, கையில் ஒட்டாமல், பளபளவென்று வந்திருந்தது. நடுவில் பலூனைப் புதைத்து டப்பாவில் போட்டு எடுத்துப்போனேன்.

கருவியை வைத்தார்கள். திரை முழுக்க ஒரே பனிமூட்டம். பலூனும் இல்லை, ஊசியும் இல்லை. அம்மையார் கருவியை மாற்றிப் பார்த்தார், ஜெல்லை மறுபடி ஊற்றிப் பார்த்தார், கடைசியில் டப்பாவை முகர்ந்து பார்த்து, இது என்ன என்றார். என் ஊர்ச் சாப்பாடு என்றேன். துடுப்புப் போட்டுக் கிண்டக் கிண்டக் களிக்குள் காற்று ஏறிவிடுமாம், காற்று இருக்கும் இடத்தில் அல்ட்ராசவுண்டுக்குக் கண் தெரியாமல் போய்விடுமாம். நான் நன்றாகக் கிண்டியதுதான் நான் செய்த தப்பு.

அடுத்த வாரம் கடல்பாசியை இசப்கோலோடு காய்ச்சி ஊற்றிக்கொண்டு போனேன். கண்ணாடிபோலத் தெரிந்தது. கையெழுத்தும் கிடைத்தது. என் மகள் நிலா, இங்கேயே பிறந்தவள், பதினொரு வயது, இன்றைக்கும் களி கிண்டினால் தட்டை எட்டி எட்டிப் பார்த்து, "அம்மா, உள்ள பலூன் இருக்கா?" என்று கேட்பாள். அதைச் சொல்லியே சாப்பிடாமல் தப்பித்துவிடுகிறாள்.

4

போன வருஷம் இதே நாளுக்கு மூன்று நாள் முன்னால், அண்ணன் தக்காளிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோது கண்ணாடி விரியன் வலது காலில் கடித்துவிட்டது. நல்ல வேளையாக, மந்திரம் மாயம் என்று அலையாமல் நேரே தருமபுரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். விஷமுறிவு மருந்து உடனே ஏற்றினார்கள். உயிர் தங்கிவிட்டது. ஆனால் மூன்றாம் நாள் சிறுநீர் நின்றுபோனது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிக்கொண்டே போனது. அது இன்னும் ஏறினால் இதயம் நின்றுவிடும்.

டயாலிசிஸ் செய்தே ஆக வேண்டும். கடித்த கால் தொடை வரைக்கும் வீங்கிக் கிடந்தது. இடது தொடையில் முயன்று பார்த்து, குழாய் நிற்காமல், சுற்றிலும் நீலம் பாரித்துவிட்டது. விரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாது. அந்தக் குணம் இன்னும் முழுதாகத் தெளியவில்லை. இனிக் கழுத்து ஒன்றுதான் பாக்கி. ரத்தம் சரியாக உறையாத ஒருவருக்குக் கழுத்தில் தமனி குத்துப்பட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் நிம்மதியாக அழுதிருப்பேன்.

இங்கே காலை ஏழரை, அங்கே மத்தியானம் பன்னிரண்டு. நான் வார்டில் உடை மாற்றும் அறையில் நின்றுகொண்டு அண்ணி ஜோதியை வீடியோவில் அழைத்தேன். "அண்ணி, குத்தப்போற டாக்டர்கிட்ட போன குடுங்க" என்றேன். மயக்க மருந்து டாக்டர் வாங்கினார். என்னைவிட வயது குறைந்தவர், கண்ணில் தூக்கமில்லை. நான் வெளிநாட்டு நர்ஸ் என்ற தோரணை வந்துவிடக்கூடாது என்று நூறு தடவை மனசுக்குள் சொல்லிக்கொண்டு, மெதுவாகக் கேட்டேன்.

"சார், அல்ட்ராசவுண்ட் வெச்சுப் பாத்துக் குத்த முடியுங்களா?"

அவருக்குக் கோபம் வரவில்லை. சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்தது. "சிஸ்டர், நான் கத்துக்கிட்டதே அப்படித்தாங்க. கீழ மெஷின் இருக்குது. அது அந்த ரூம விட்டு வராது."

கருவில் ஆணா பெண்ணா என்று பார்க்கக்கூடாது என்ற சட்டத்தின் கீழ், அந்த இயந்திரம் அந்த அறையின் பேரில் பதிவாகியிருக்கிறது. ஸ்கேன் டாக்டரம்மா தவிர வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. அறைக்குப் பூட்டு உண்டு. டாக்டரம்மா ஒரு மணிக்குப் பாலக்கோடு போய்விடுவார், திரும்ப வர ஆறு மணி ஆகும். பொட்டாசியம் ஆறு மணி வரைக்கும் காத்திருக்காது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "என்னாங்க சார் இது, எங்கண்ணன் உசுரு போவுது, இவங்க பூட்டு போட்டு வெச்சினு இருக்காங்களா?" என்று கத்தினேன். உடை மாற்ற வந்த வேல்ஸ்காரப் பெண் ஒருத்தி, சத்தம் கேட்டு, வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள்.

டாக்டர் கத்தவில்லை. "மெஷின் வராது சிஸ்டர். பேஷண்ட் போலாமில்ல?" என்றார்.

5

அப்படித்தான் என் அண்ணன் கட்டிலோடு லிஃப்டில் இறங்கி, கர்ப்பிணிப் பெண்கள் வரிசையில் போய்ச் சேர்ந்தார்.

அந்த நடைபாதையை அண்ணியின் போன் வழியாக நான் பார்த்தேன். ஆறு பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்கேன் அறைக் கதவில் சரோஜா என்ற அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ரிஜிஸ்டர், பேனா, ஃபாரம் கட்டு எல்லாம் அவர் பொறுப்பு. அவரைத் தாண்டிக் கொசுகூட உள்ளே போனதில்லை என்று பிறகு தெரிந்தது.

"வரிசைல வாங்க. ஆறு பேரு இருக்காங்க" என்றார் சரோஜா, கட்டிலில் கிடப்பவரைப் பார்க்காமலேயே.

ஆறு பேருக்குள் டாக்டரம்மாவின் ஒரு மணி வந்துவிடும். நான் போனுக்குள்ளிருந்து ஏதோ சொல்ல வாயைத் திறப்பதற்குள், முதலில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்தாள். சின்னப் பெண். ஒகேனக்கல்லில் அவள் கணவர் பரிசல் ஓட்டுகிறார் என்று பிறகு சொன்னாள். பெயர் தேன்மொழி.

"நாங்க உக்காந்துனு இருக்கோம், அவரு படுத்துனு இருக்காருங்க. அவரு மொதல்ல போவட்டும்."

மற்ற ஐந்து பேரும் தலையாட்டினார்கள். இதில் ஒரு பெரிய தியாகம் இருக்கிறது, பெண்களுக்குத்தான் புரியும். அந்த ஸ்கேனுக்கு முன்னால் சிலரை ஒரு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டு, பாத்ரூம் போகாமல் இருக்கச் சொல்வார்கள். தேன்மொழி ஒன்றரைப் பாட்டில் குடித்திருந்தாள். "அடக்கினுதான் இருக்கேன், பரவால்லீங்க, இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும்" என்றாள். இன்றுவரை அந்த வார்த்தையை நினைத்தால் எனக்குக் கண் கலங்கும், சிரிப்பும் வரும்.

சரோஜா ஃபாரம் கட்டிலிருந்து ஒன்றை உருவி அண்ணனின் நெஞ்சின் மேல் வைத்தார். "கையெழுத்து போடுங்க." அண்ணன் அரை மயக்கத்தில் போட்டார். ஆஸ்பத்திரியில் எதையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற பழக்கம் நம் வீட்டில் யாருக்கும் இல்லை. அண்ணி, ஆபரேஷனுக்குச் சம்மதம் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, "நல்லா தெளிவா போடுங்க" என்று வேறு சொன்னார்.

கட்டில் உள்ளே போனது. அண்ணி போனோடு பின்னாலேயே நுழையப் பார்த்தார். "போன் உள்ள வராது" என்றார் சரோஜா. அண்ணி கெஞ்சினார், நான் கெஞ்சினேன். "கலெக்டரே வந்தாலும் போன் வெளியதாங்க" என்றார். அண்ணிக்கும் உள்ளே இடமில்லை. கதவு சாத்திக்கொண்டது.

அண்ணி போனை எதிர்ச் சுவர் ஓரமாகப் பெஞ்சில் சாய்த்து வைத்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் கதவுக்கு மேலே மாட்டியிருந்த ஒரு போர்டு. இங்கே சிசு ஆணா பெண்ணா என்று சொல்லப்படமாட்டாது, கேட்பதும் சொல்வதும் குற்றம் என்று எழுதியிருந்தது. தினமும் அடுத்தவர் கழுத்துக்குள் பார்த்துப் பிழைக்கிறவள் நான். என் அண்ணனின் கழுத்து வந்தபோது அந்தப் போர்டை மட்டும்தான் பார்க்க முடிந்தது. இருபத்தைந்து நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் தேன்மொழியின் முகம் போனுக்குள் வந்தது. "அக்கா, பாம்பு கடிச்சவருக்கு எதுக்குங்க வயித்து ஸ்கேனு?"

வயிறு இல்லை, கழுத்து என்று சொன்னேன். இரண்டு வட்டங்களையும் சொன்னேன். அமுக்கினால் அமுங்குவது எது, துடிப்பது எது என்று சொன்னேன். இப்போது தலைப்பக்கம் கட்டிலைத் தாழ்த்தியிருப்பார்கள், அப்போதுதான் சிரை நன்றாக உப்பும் என்று சொன்னேன். இப்போது ஊசி, இப்போது ஊசிக்குள் கம்பி, அந்தக் கம்பி சிரைக்குள்தான் இருக்கிறதா என்று மறுபடி திரையில் பார்த்துவிட்டுத்தான் துளையைப் பெரிதாக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனேன். பெஞ்சில் இருந்த ஆறு பேரும் போனைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். நான் அவர்களுக்குச் சொன்னேனா, கதவுக்குள் இருந்த டாக்டருக்குச் சொன்னேனா, எனக்கே தெரியவில்லை.

"பாத்துத்தான குத்துறாங்க, அப்புறம் என்னா பயங்க்கா?" என்றாள் தேன்மொழி. பிறகு, என் முகத்தைப் பார்த்துப் பேச்சை மாற்ற, "அங்க ரொம்பக் குளிருங்களா?" என்று கேட்டாள்.

கதவு திறந்தது. டாக்டர் முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு நேரே போனிடம் வந்தார்.

"சிஸ்டர், ஒரே குத்து. கம்பி வெயின்லதான்னு பாத்துட்டுத்தான் பெருசு பண்ணோம். மேடம் புரோப் பிடிச்சாங்க, நான் போட்டேன். ஆனா உங்கண்ணனுக்கு வெயின் நேரா ஆர்ட்டரிக்கு மேலயே உக்காந்துனு இருக்குதுங்க. கண்ண மூடினு குத்தியிருந்தா..."

 நான் உடை மாற்றும் அறையின் தரையில் உட்கார்ந்துவிட்டேன். போனில் ஆறு பெண்கள் கைதட்டுவது கேட்டது. அதற்கு மேல் தேன்மொழியின் குரல்: "சரோஜாக்கா, இப்ப என்ன வுடுங்க, தாங்கல!"

6

ஃபாரம் விஷயம் அன்று சாயங்காலம்தான் வெடித்தது. அன்றைய படிவங்களைச் சரிபார்த்த டாக்டரம்மா, அவற்றுக்கு நடுவில் மாதையன், ஆண், நாற்பத்தைந்து வயது என்று ஒன்று இருப்பதைப் பார்த்தார். மாதையன் தன் கருவில் இருக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ள விரும்பவில்லை. சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டதாம்.

சரோஜா அசரவில்லை. "காலைல வர்றவங்களுக்கு ஃபாரம் உண்டு. கல்லு, வயித்து வலின்னு சாயங்காலம் வர்றவங்களுக்கு ஃபாரம் இல்ல. இவரு காலைல வந்தாரு. பதினாலு வருசமா காலைல ஃபாரம் இல்லாம ஒருத்தர நான் உள்ள வுட்டதில்லீங்க."

 டாக்டரம்மா குறுக்கே கோடு போட்டு அடித்து, ரத்து என்று எழுதி, ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று அண்ணியிடமே கொடுத்துவிட்டார்.

மூன்று வாரம் டயாலிசிஸ் ஓடியது. கழுத்துக் குழாய் ஒரு நாளும் மக்கர் செய்யவில்லை. ஒரு நாள் எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் அண்ணனின் குரல் வந்தது. "எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு ஒன்னுக்கு போயிட்டேன். நல்லாவே போயிட்டேன்." பெரியப்பா பையன் பட்டாசு படம் போட்டார். பெங்களூரில் இருக்கும் இரண்டு அக்காக்களும் கைதட்டும் படமாகப் போட்டுத் தள்ளினார்கள். எங்கள் சாதிசனத்தில் ஒரு ஆள் சிறுநீர் கழித்ததற்கு இவ்வளவு வாழ்த்து வந்தது அதுதான் முதல் தடவை. நான் இங்கே அலுவலகப் பெண்மணியிடம் விடுமுறை விண்ணப்பம் கொடுத்தபோது, காரணம் என்ற கட்டத்தில் 'மகிழ்ச்சி' என்று எழுதினேன். அந்தக் காரணம் பட்டியலில் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

7

டிசம்பரில் ஊருக்குப் போனோம். அண்ணன் ஒரு சுற்று இளைத்திருந்தார், மற்றபடி பழைய ஆள்தான். கழுத்தில் பயறளவுக்கு ஒரு தழும்பு. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டிவிட்டு, அடுத்ததாக அலமாரியிலிருந்து ஃபாரத்தை எடுத்துக் காட்டுவார். அன்று நிலாவின் முறை. அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

"மாமா, இதுல என்ன போட்டிருக்கு?"

நான் விளக்கினேன். அவளுக்குப் புரியவில்லை. போன மாதம்தான் அவள் தன் சிநேகிதியின் வீட்டில் ஒரு விருந்துக்குப் போய் வந்திருந்தாள். சிநேகிதியின் அம்மா கர்ப்பமாக இருக்கிறார், எல்லோரும் சுற்றி நிற்க அவர் கேக்கை வெட்டினார், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது, பெண் குழந்தை என்று எல்லோரும் குதித்தார்கள்.

"அங்க கேக்ல சொல்றாங்க. இங்க ஏன் சொன்னா போலீஸ்?" என்றாள்.

 எங்கள் மாவட்டத்தில் அந்தச் சட்டம் எதற்கு வந்தது என்று பெரியவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பதினொரு வயதுப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வது? அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிராமலேயே பேசினாள்.

"பொண்ணுன்னு தெரிஞ்சா வேணாம்னுடுவாங்க கண்ணு. அதுக்குத்தான்."

"யாரு ஆயா?"

"எல்லாருந்தான். உங்கம்மா வயித்துல இருந்தப்ப என்னையும் சேலத்துக்குப் போயி பாத்துனு வரச் சொன்னாங்க. ரெண்டு பொண்ணு ஆயிடுச்சி, இதுவும் பொண்ணுன்னா கரைச்சிட்டு வந்துடுன்னாங்க. உங்க தாத்தா வாயத் தொறக்கல."

அண்ணன் ஃபாரத்தைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றார். அவருக்கும் தெரியாது. முப்பத்தாறு வயதில் நான் முதல்முறையாகக் கேட்கிறேன். "அப்புறம் என்னம்மா பண்ணே?" என்றேன். 

"தருமபுரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். சேலம் பஸ்ஸு நின்னுனு இருந்துச்சு. ஏறல. அங்கியே ஒரு பன்னு வாங்கித் தின்னுட்டு, போற வர்ற ஜனத்தப் பாத்துனு உக்காந்திருந்தேன். சாயங்காலமா வூட்டுக்கு வந்து, மெசினு ரிப்பேருன்னுட்டேன். அடுத்த வாரமும் அனுப்பினாங்க. அப்பவும் ரிப்பேருன்னேன். அப்புறம் மாசம் ஏறிப்போச்சு, வுட்டுட்டாங்க."

"பொண்ணுன்னு உனக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? தெரிஞ்சிக்க வேணாம்னுதான பஸ்ஸு ஏறல."

 பார்க்காமல் குத்தாதே என்பதை வேதமாகச் சொல்லிப் பிழைக்கிற நான், அம்மா பார்க்காமல் விட்டதால் உயிரோடு நிற்கிறேன். அந்தப் பூட்டைப் பார்த்து நான் கத்திய கத்து ஞாபகம் வந்தது. என்னைப் போன்றவர்களுக்காகப் போட்ட பூட்டு அது. சரோஜாவின் காலில் விழ வேண்டும் போலிருந்தது. நிலா விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அப்போ ஆயா பஸ்ல ஏறியிருந்தா அம்மா இல்ல. நானும் இல்ல."

"நானுந்தான் இருந்திருக்க மாட்டேன்" என்றார் அண்ணன். "பாத்துக் குத்துங்கன்னு போன்ல கத்துறதுக்கு அன்னிக்கு யாரு இருந்திருப்பா?" மீசையைத் தடவிக்கொண்டார். "அப்ப இந்த ஃபாரத்துல கையெழுத்து போட வேண்டிய ஆளு நான் இல்ல. கையெழுத்து போடாமலே இது எல்லாத்தையும் ஒருத்தங்க செஞ்சிருக்காங்க."

ஃபாரத்தை அம்மாவின் மடியில் வைத்தார். அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தாள். பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "பேனா குடு" என்றாள்.

நூறு நாள் வேலைக்காகக் கற்றுக்கொண்ட கையெழுத்து அம்மாவுடையது. நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, அண்ணன் பெயருக்குக் கீழே, ஒவ்வொரு எழுத்தாக, பச்சியம்மாள் என்று எழுதினாள். பக்கத்தில் தேதி போடும் இடம் காலியாக இருந்தது. அம்மாவுக்கு எழுத வருவது அவள் பெயர் மட்டும்தான். பேனாவை என்னிடம் நீட்டினாள்.

"இன்னிக்குத் தேதியாம்மா?"

"இன்னிக்கு எதுக்கு? நான் பஸ்ஸு ஏறாத நாளு எதுன்னு எனக்கு ஞாபகமில்ல பாப்பா. நீ பொறந்த தேதியப் போடு."

போட்டேன்.